பகவதி அக்காவின் சுண்ணாம்பு வட்டங்கள்

"என் மூஞ்சிய நானே பாத்துக்கிட்டு எப்படில பாடம் நடத்துறது?"

கொரோனா வந்து எங்கள் பி.எட். கல்லூரியை மூடிய பிறகு பகவதி அக்கா வாயிலிருந்து இந்த வாக்கியம் வராத நாள் கிடையாது. என்னிடம் சொன்னால் 'எப்படில'. வகுப்புத் தோழி சண்முகப்ரியாவிடம் சொன்னால் 'எப்படிளா'. எங்கள் பேராசிரியர் வேதமணி சாரிடம் மட்டும் 'எப்படி சார்'. வால் மாறுமே தவிர தலை மாறாது. குரலை மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் நிறுத்தி, 'மூஞ்சிய' என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தினால் போதும், அக்கா வந்துவிடுவாள். எனக்குச் சுலபமாக வந்த குரல்களில் அது ஒன்று.

முத்தையாபுரத்தில், துறைமுகத்துக்கு லாரிகள் போகிற சாலையை ஒட்டி அவர்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. தராசுப் பக்கம் அவள் வீட்டுக்காரர் பொன்னுதுரை அண்ணாச்சி. பேச்சுப் பக்கம் பகவதி அக்கா. பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணமாகி, நேராகக் கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றவள். மகள் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், "அவ போறா, நானும் போறேன்" என்று கிளம்பி எங்களோடு வந்து சேர்ந்தாள். எங்கள் வகுப்பில் எல்லோரையும்விட வயதில் மூத்தவள் அவள்தான்.

அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அவர் பேசுவது பொட்டலம் கட்டுவது மாதிரி இருக்கும். மெதுவாக, ஆனால் பிரிக்க முடியாது.

"ரெண்டு வருஷம் கடைய நான் ஒத்தையில பாத்துக்கிடுதேன். அதுக்குள்ள முடிச்சிரு. மூணாவது வருஷம்னு ஒண்ணு கிடையாது, பாத்துக்க."

"எதுக்கு மூணாவது வருஷம்? நான் என்ன ஊறுகாயா, ஊறிக்கிட்டே கெடக்க?" என்றாளாம் அக்கா.

முதல் வருஷம் முடிவதற்குள் ஊரடங்கு.

பி.எட். படிப்பில் எழுத்துப் பரீட்சை பாதிதான். மீதிப் பாதி, பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்டுவது. அதற்கு முன்னால் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. எங்களில் ஒருவர் டீச்சர், மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். கல்லூரி திறந்திருந்த நாட்களில் மீசை வைத்த ஆறாம் வகுப்புகளும் தாலி கட்டிய ஆறாம் வகுப்புகளும் பெஞ்சில் உட்கார்ந்து 'வணக்கம் டீச்சர்' என்று இழுப்போம். மூடிய பிறகு அந்த நாடகம் அப்படியே செல்போனுக்குள் வந்தது.

வேதமணி சார் நாசரேத்துக்காரர். முதல் வாரம் பாடத்தை முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் டஸ்டரை எடுத்து லேப்டாப் திரையைத் துடைத்தார். வீட்டில் எதற்கு டஸ்டர் வைத்திருந்தார் என்று இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. பிள்ளைகளாக நடிக்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு சிக்னல் கிடைக்காது. சாத்தான்குளத்தில் எங்கள் வீட்டு மாடியில் நன்றாகக் கிடைக்கும். அதனால் அந்தப் பாதிப் பேரும் நானே ஆனேன். மூக்கடைத்தவன், தெரியாவிட்டாலும் கையைத் தூக்குகிறவன், எப்போதும் ஒண்ணுக்குப் போகிறவன் என்று ஒரு வகுப்பே என் தொண்டையில் குடியிருந்தது.

"ஷாம், அந்த ஒண்ணுக்குப் பையனுக்கு இன்னைக்கு லீவு குடுத்திரு. நேத்தே அவன் தொல்ல தாங்கல" என்பார் சார்.

பகவதி அக்காவின் முறை வந்தால்தான் வேடிக்கை. போனில் தன் முகத்தைப் பார்த்ததும் பாடம் நின்றுவிடும். பொட்டைச் சரி செய்வாள். முடியை ஒதுக்குவாள். "இம்புட்டுக் கறுத்தா போயிட்டேன்?" என்று தன்னையே கேட்பாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாம்பிராணி டப்பாவின் அட்டையைக் கிழித்து, திரையில் தன் முகம் வருகிற கட்டத்தின் மேல் ஒட்டிவிட்டாள். ஒரு நாள் நிம்மதியாகப் போனது. மறுநாள் ஆட்கள் கூடியதில் கட்டங்கள் இடம் மாறின. அட்டைக்கு அடியில் போய் உட்கார்ந்தது வேதமணி சார். அக்காவுக்குத் தெரியாது.

"ஏளா பிரியா, சார் இன்னும் வரலியோ? வந்தாருன்னா பிள்ளையளத் தூண்டணும், ஸ்டிமுலஸ் ஸ்டிமுலஸ்னு ஆரம்பிச்சிருவாரு, கொசுமருந்து அடிக்க வாரவன் மாதிரி."

சண்முகப்ரியா கண்ணை உருட்டி ஜாடை காட்டினாள்.

"என்னளா, ஒரு சத்தத்தையும் காணும்?"

"நான் வந்து ரொம்ப நேரமாச்சும்மா" என்றார் சார். "கொசுமருந்த ஆரம்பிக்கலாமா?"

அன்று அக்கா நடத்த வேண்டியது ஆவியாதல். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கு இதைவிடத் தோதான பாடம் கிடையாது. கேள்வியும் நன்றாகத்தான் தொடங்கினாள்.

"உப்பு எங்கேருந்து வருது?"

நான் மூக்கடைத்த குரலில், "கடல்லேருந்து டீச்சர்."

"வேற?"

"உப்பளத்துலேருந்து டீச்சர்."

"வேற?"

"உங்க கடையிலேருந்து டீச்சர்."

"வேற?"

சார் நிறுத்தினார். "பகவதி, பிள்ள சரியா பதில் சொன்னா என்ன சொல்லணும்? 'மிக நன்று'. அதுக்குப் பேரு வலுவூட்டல். நீங்க சாமான் கட்டுற மாதிரி வேற, வேறங்கிறீங்க."

"பழக்கம் சார்."

"அப்படிக் கேட்டா, நம்ம சொன்னது போதல போலன்னு பிள்ளைக்கு மனசு சுருங்கிப் போகும்."

"இல்ல சார். வேறன்னு கேட்டாத்தான் அவுகளுக்கே மறந்தது ஞாபகம் வரும். சீனி வாங்க வந்தவுக அப்பத்தான் தேயிலையும் இல்லன்னு சொல்லுவாவ."

"பிள்ளைங்க சீனி வாங்க வரலம்மா."

அடுத்த வகுப்பில் அக்கா திருந்தி வந்தாள். நான் பதில் சொன்னதும் புத்தகத்தில் இருக்கிறபடியே, "மிக நன்று" என்றாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது. மூச்சு விட்டுக்கொண்டு, "வேற?" என்றாள்.

இரண்டாம் வருஷம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பாடம் நடத்த வேண்டிய வருஷம் அது. பள்ளிக்கூடங்களோ பூட்டிக் கிடந்தன. கல்லூரியில் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள். அவரவர் தெருவில், திறந்த வெளியில், பிள்ளைகள் சிலரை மாஸ்க் போடச் சொல்லி, இடைவெளிவிட்டு வைத்துக்கொண்டு நடத்த வேண்டும். அதை போனில் நேரடியாகக் காட்ட வேண்டும். கடைசி பிராக்டிகல் பரீட்சையும் அப்படியேதான். சண்முகப்ரியாவுக்கு மொட்டை மாடி இருந்தது. எனக்கு எங்கள் சர்ச் காம்பவுண்டில் ஒரு வேப்பமரம் கிடைத்தது. என் தொண்டைக்குள் இருந்த பிள்ளைகள் மாதிரி நிஜப் பிள்ளைகள் நான் எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசுவதில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பகவதி அக்காவுக்கு எதுவும் இல்லை. வீடு கடைக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியும். மேலே தகரம். கோயில் வளாகத்தைப் பூட்டியிருந்தார்கள்.

கடைக்கு முன்னால் மட்டும் வட்டங்கள் இருந்தன. சாமான் வாங்க வருகிறவர்கள் இடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று அண்ணாச்சி சுண்ணாம்பால் போட்டவை. கல்லாவிலிருந்து சாலை ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன் வட்டத்தில் நிற்பவர் சாமானை வாங்கிக்கொண்டு போவார், பின்னால் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு வட்டம் முன்னே வருவார்கள். மத்தியானம் கடையைச் சாத்த வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஒரு நாள் ஷட்டரை இழுத்துவிட்டுத் திரும்பிய அக்கா, ஆளில்லாத வட்டங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, இந்த வட்டத்த மத்தியானத்துக்கு மேல யாரும் தூக்கிட்டுப் போயிருதாவளா?"

"வட்டத்த யாருளா தூக்கிட்டுப் போவா?"

"அப்ப சும்மாதான கெடக்கு."

அண்ணாச்சிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் பயம் வந்தது. "கடை முன்னால பிள்ளையளச் சேத்தா போலீசு வந்து கேக்காதா?"

"வட்டம் போடச் சொன்னதே அவுகதான? போட்டாச்சு, நிக்கோம்னு சொல்லுங்க."

கடை கிழக்குப் பார்த்தது. பிற்பகலில் வாசலில் நல்ல நிழல். பச்சை ஷட்டர்தான் கரும்பலகை. தெருப் பிள்ளைகள் மாஸ்க்கோடு வந்து வட்டத்துக்கு ஒருவராக நின்றார்கள். ஒரு எண்ணெய் டின்னில் போனைச் சாய்த்து வைத்து, "என் மூஞ்சிய நானே" என்று முணுமுணுத்துவிட்டு அக்கா ஆரம்பித்தாள். சாரும் நானும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன் வட்டத்தில் நின்ற ஜாக்சன் முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னான். எங்களுக்குக் காட்ட வேண்டுமே என்று அக்கா குரலைத் தேன் மாதிரி ஆக்கி, "மிக நன்று" என்றாள். ஜாக்சன் தலையாட்டிவிட்டுத் தெருவைப் பார்த்து நடந்தான். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரு வட்டம் முன்னே வந்தார்கள்.

"ஏலே ஜாக்சா, எங்கன போற?"

"நான் சொல்லிட்டேம்லா."

"சொல்லிட்டா?"

"முடிஞ்சிட்டுல்லா."

அவன் மேல் தப்பில்லை. தினமும் காலையில் அம்மா அனுப்பி அதே வட்டங்களில் நிற்கிறவன். முன் வட்டத்தில் வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவன் அறிந்த ஒழுங்கு. அடுத்தவளும் பதில் சொன்னாள். மிக நன்று. அவளும் போனாள். அக்கா எவ்வளவு பாராட்டினாளோ அவ்வளவு வேகமாக வகுப்பு காலியானது. கடைசியில் ஜெபசுதா என்ற சின்னப் பெண் மட்டும் நின்றாள். அவளும் பதில் தெரியாததால்தான் நின்றாள்.

"பகவதி, இத நான் என்னன்னு எழுத?" என்றார் சார்.

"சரக்குத் தீந்துட்டுன்னு எழுதுங்க சார்."

சார் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்கம்மா. பிராக்டிகல் அன்னைக்கு வெளிக் கல்லூரியிலேருந்து எக்ஸாமினர் பாப்பாங்க. பாதியில பிள்ளைங்க இல்லன்னா மார்க் போட முடியாது. அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாது சார்" என்றாள் அக்கா. அந்தக் குரலை மட்டும் நான் இதுவரை யாருக்கும் செய்து காட்டியதில்லை.

மறுநாள் 'யாரும் அசையக் கூடாது' என்று உத்தரவு போட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் வாய்தான் சரி என்றது. கால் கேட்கவில்லை. முன்னால் இருப்பவன் பதில் சொன்னதும் அது பாட்டுக்கு ஒரு வட்டம் நகர்ந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு அக்கா எனக்கு போன் போட்டாள்.

"ஷாமு, பிள்ளையள மாத்த முடியாதுல. அதுகளுக்குக் கடைதான் தெரியும். நான் கடைய மாத்திட்டேன்."

"என்னக்கா சொல்லுதிய?"

"முடிச்சவன் வீட்டுக்குப் போவப்பிடாது. கடேசி வட்டத்துக்குப் போவணும். சுத்திக்கிட்டே இருக்கணும். அப்ப எல்லாவனும் ஒரு தடவையாவது என் மூஞ்சிக்கு முன்னால வந்துதான ஆவணும். வேற வழி?"

"முடிஞ்சிட்டுன்னு எப்படி அவனுக்குத் தெரியும்?"

"நான் 'வேற'ன்னு கேக்குற வரைக்கும் முடியலன்னு அர்த்தம். அது கடைக்கு வார எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்."

"அக்கா, 'மிக நன்று' சொல்லலன்னா மார்க் போவும்."

"'மிக நன்று' சொன்னா பிள்ளையே போவுதுல."

பிராக்டிகல் அன்று நான் பைக்கில் முத்தையாபுரம் போனேன், போனைப் பிடிப்பதற்கு. எண்ணெய் டின் வேண்டாம், பின்பக்க கேமராவில் காட்டலாம் என்றேன்.

"அப்ப என் மூஞ்சி தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா. அவங்களுக்குத் தெரியும்."

"அது அவுக பாடு" என்றாள். அவளை அப்படி ஒரு நிம்மதியோடு அதற்கு முன் பார்த்ததில்லை.

எக்ஸாமினர் ஈவாஞ்சலின் மேடம். ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்து வைக்கிற குரல். "தொடங்கலாம்" என்றார். பக்கத்துக் கட்டத்தில் வேதமணி சார் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஜெபம் செய்கிற மாதிரி.

அக்கா ஷட்டரில் 'ஆவியாதல்' என்று எழுதினாள். காலையில் வெயிலில் வைத்த உப்புத் தண்ணீர்த் தட்டை எடுத்துக் காட்டினாள். தண்ணீர் போய், அடியில் வெள்ளையாக உப்பு மட்டும் இருந்தது.

"தட்டுல இருந்த தண்ணி எங்க போச்சு?"

"காஞ்சிட்டு டீச்சர்" என்றான் ஜாக்சன்.

"வேற?"

"வெயில்ல ஆவியாயிட்டு."

"வேற?"

"உப்பு ஆவியாகல. அது தட்டுலயே நிக்கி."

"பின்னால போ. அடுத்து?"

வரிசை நகர்ந்தது. ஜெபசுதா முன் வட்டத்துக்கு வந்தாள். முதல் 'வேற'வுக்குக் காலைத் தேய்த்தாள். இரண்டாவதுக்கு, "எங்க வீட்டுக் கொடியில துணி காயுததும் அதுதான டீச்சர்" என்றாள். எனக்கே கை தட்டத் தோன்றியது, கையில் போன் இருந்தது.

அதற்குள் கடைசி வட்டத்தில் ஒரு பெரிய ஆள் வந்து நின்றதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற நயினார் அண்ணாச்சி. வட்டத்தில் வரிசை இருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அவரும் கையில் பையோடு வட்டம் வட்டமாக நகர்ந்து வந்தார். முன் வட்டத்துக்கும் வந்துவிட்டார். அக்கா கேள்வியை முகத்தைப் பார்த்துக் கேட்பவள் அல்ல, வட்டத்தைப் பார்த்துக் கேட்பவள்.

"தட்டுல இருந்த தண்ணி எங்க போச்சு?"

"தட்டா? எனக்கு அரைக் கிலோ உளுந்து வேணும்மா."

"வேற?" என்றது அக்காவின் வாய்.

"கொஞ்சம் வெந்தயம்."

பிள்ளைகள் வட்டத்துக்குள்ளேயே குதித்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு விநாடி எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாச்சி, பின்னால போயி நில்லுங்க" என்றாள், அதே குரலில். "அடுத்து யாரு?"

அவரும் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வட்டத்துக்குப் போனார். வரிசை மறுபடி நகர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையாக வந்து சொன்னது. துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று ஹாரனடித்துக்கொண்டு கடந்தது. நயினார் அண்ணாச்சி மறுபடியும் முன் வட்டத்துக்கு வந்தார். அக்கா கேட்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"தண்ணி வெயில்ல ஆவியாப் போயிட்டு. உப்பு போகல, தட்டுலயே நிக்கி. துணி காயுததும் அப்படித்தான். இப்பவாவது உளுந்து தருவியாம்மா?"

ஷட்டருக்குப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்துகொண்டு பொன்னுதுரை அண்ணாச்சி அவரை உள்ளே கூப்பிட்டார். வகுப்பு முடிந்தது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு அக்கா போனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஈவாஞ்சலின் மேடம் பேசினார். "ஷட்டர் மடிப்புல 'ஆவியாதல்' நாலு துண்டா உடைஞ்சு நிக்குது. பின்னால லாரிச் சத்தம். பிள்ளைங்க கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க. வகுப்புக்குள்ள வெளியாள் வந்துட்டாரு. பாராட்டுச் சொல் ஒரு தடவகூட வரல."

வேதமணி சார் கண்ணாடியைக் கழற்றினார். சின்னக் கதவுக்குப் பின்னால் உளுந்து அளக்கிற சத்தம் நின்றுபோனது. எனக்கு மூன்றாவது வருஷம் என்ற சொல்தான் காதில் கேட்டது.

அக்கா சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்தாள். திமிராக அல்ல. கல்லாவுக்கு முன்னால் நிற்கிற ஆளிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"வேற?"

சிக்னல் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். மேடம் இருந்தார். பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"வேற" என்றார் மெதுவாக. "வேற... கடைசி பெஞ்சுன்னு ஒண்ணு இந்த வகுப்புல இல்ல. எல்லாப் பிள்ளையும் முன்னால வந்து பேசிச்சு. யாரும் ஒரு பதிலோட நிக்கல. உளுந்து வாங்க வந்தவர்கூடப் படிச்சிட்டுத்தான் போறாரு." குறித்துக்கொண்டே, "இத எழுத மறந்திருந்தேன். மார்க்க நான் இப்பச் சொல்லக் கூடாது. நீங்க கவலப்படாம இருங்க" என்று சொல்லிவிட்டு லைனிலிருந்து போனார்.

சின்னக் கதவு திறந்தது. அண்ணாச்சி கையில் தராசுத் தட்டோடு நின்றார்.

"ஏளா, முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு."

"அப்ப மூணாவது வருஷம்?"

"கிடையாது."

அவர் உள்ளே போய் நயினார் அண்ணாச்சியின் பையில் இன்னொரு கை உளுந்தைப் போட்டார்.

பகவதி அக்கா இப்போது முத்தையாபுரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அங்கே பெஞ்சு உண்டு, ஆனால் எந்தப் பிள்ளைக்கும் நிரந்தரமான பெஞ்சு கிடையாது. நாள்தோறும் எல்லோரும் ஒரு பெஞ்சு நகர வேண்டும். எங்கள் கல்லூரியிலிருந்து வருகிற புதுப் பயிற்சி ஆசிரியர்களை அவள் வகுப்பில்தான் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். நான் காயல்பட்டினத்தில் வேலை பார்க்கிறேன். ஆண்டு விழாவில் மிமிக்ரி செய்ய மேடை ஏற்றிவிட்டால் இந்தக் கதைதான், முதலில் அக்கா குரல், பிறகு மேடம் குரல், கடைசியில் சார் குரல். கடைசிக் கட்டம் இதுதான்:

மேடம் போன பிறகும் வேதமணி சார் லைனிலேயே இருந்தார். மூக்கை உறிஞ்சினார். தொண்டையைச் செருமினார். எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு வாத்தியாராகிவிட்டார்.

"சந்தோஷம்மா, ரொம்பச் சந்தோஷம். ஆனா ஒண்ணு. நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போவீங்க. அங்கன இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வருவாங்க. அப்ப அந்த 'வேற'வ மட்டும் விட்டுரணும். கேட்டீங்களா?"

"கேட்டேன் சார், விட்டுருதேன். வேற?"